மண்ணூர்பேட்டையில் ஒரு கப்பலுக்குப் பாய்மரம்

கப்பலை விமானத்தில் ஏற்றிக்கொண்டு சென்னைக்கு வந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். பினாங்கில் கிளம்பும்போதே மகள் ரீட்டா கேட்டாள், "சுங்கத்துல புடிச்சா என்னம்மா சொல்லுவீங்க?" உள்ளதைச் சொல்வேன் என்றேன். சொல்லி வைத்தாற்போல் பிடித்தார்கள். அட்டைப் பெட்டிக்குள் என் கை நீளத்துக்கு மரத்தில் ஒரு கப்பல். தளத்தில் வரிசையாக மூன்று ஓட்டைகள். அதிகாரி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"பாய்மரம் எங்கம்மா?"

"அது இல்லாமத்தான் சார் இவ்வளவு தூரம் வந்திருக்கேன்."

சிரித்துவிட்டார். பெட்டியை அவரே மூடி, கயிறும் கட்டிக் கொடுத்தார். நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் சூசை ஆவடிக்காரர். கப்பல் பழுது பார்க்கும் வேலைக்குப் பினாங்கின் எதிர்க்கரையான பட்டர்வர்த்துக்கு வந்தவர், என்னைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தேக்குச் சீவல்களைப் பலகை பலகையாக ஒட்டி இந்தக் கப்பலின் உடம்பைச் செய்து முடித்தார். பாய்மரத்துக்கு உட்கார வேண்டிய நேரத்தில் பக்கவாதம் வந்து வலது கையையும் பாதிப் பேச்சையும் கொண்டுபோய்விட்டது.

அது கூடப் பரவாயில்லை. இடது கை நன்றாகத்தான் இருக்கிறது. மனுஷன் அதை எடுக்கவே மாட்டேன் என்கிறார்! இடது கையால் சோற்றைத் தொடுவதா என்று வாயைத் திறந்து காத்திருப்பார், நான்தான் ஊட்ட வேண்டும். பயிற்சி சொல்லித்தர வந்த பெண் அந்தக் கையில் கரண்டியைக் கொடுத்தபோது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பகலெல்லாம் அந்தக் கை போர்வைக்குள் கிடக்கும். கப்பலை எடுத்து அவர் மடியில் வைத்தேன். "யாருக்காச்சும் குடுத்துடு" என்றார். அந்த மாதம் அவர் முழுசாகப் பேசிய வாக்கியம் அதுதான். சமையலறைக்குள் போய் அழுதேன்.

அந்த மூன்று ஓட்டையிலும் பாய்மரம் எழுந்து நின்றால் திரும்பிப் பார்ப்பார் என்று எனக்கு ஒரு நப்பாசை. அவர் தம்பி பாஸ்கலுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை. போனில் கேட்டதும், "இதுக்கா அண்ணி இவ்ளோ யோசிக்கிற? எத்துகினு வா. நான் நிக்க வெச்சுத் தரேன்" என்றான். ரீட்டா விடுப்பு எடுத்து அப்பாவோடு இருக்கச் சம்மதித்தாள். வந்துவிட்டேன்.

பாஸ்கல் வீடு மண்ணூர்பேட்டையில். முந்தின நாள் மழை, தெருவில் முழங்கால் தண்ணீர். ஆட்டோ பாதி வழியில் இருமி நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கித் தள்ள, நான் உள்ளே பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "இறக்கி வெச்சுக்கோம்மா, இன்னா அதுல?" என்றார் அவர். கப்பல் என்றேன். ஒரு தரம் தண்ணீரைப் பார்த்தார், ஒரு தரம் என்னைப் பார்த்தார். "அப்ப அதுல ஏறிப் போயிடேன், எனக்கும் லிப்டு குடு" என்றார். பினாங்கு டாக்சிக்காரர்கள் வாயே திறக்க மாட்டார்கள். இந்த ஊரில் தள்ளுகிற மூச்சுக்கு நடுவிலும் கிண்டல்.

ஓரகத்தி ஸ்டெல்லா வாசலிலேயே கட்டிக்கொண்டாள். பூந்தமல்லியில் பூக்காரர் வீட்டில் பிறந்தவள். இப்போதும் மாலையில் பஸ் நிறுத்தத்தில் கூடை வைத்துப் பூ விற்கிறாள். பேசிக்கொண்டே இருப்பாள், கை மல்லிகையைக் கட்டிக்கொண்டே இருக்கும், கண் டிவியில் இருக்கும். எனக்கு டீ கொடுத்தாள். எங்கள் ஊரில் தே தாரேக் என்றால் ஒரு குவளை நிறைய வரும், அரை மணி நேரம் உட்கார்ந்து குடிக்கலாம். இங்கே மூன்று மடக்கு. ஆனால் அந்த மூன்று மடக்கில் இஞ்சி மண்டைக்கு ஏறிவிட்டது, இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் பட்டறை. பாஸ்கல் நாள் பூராவும் இரும்புத் தண்டு கடைகிறவன். தலைமுடி அளவு கூடக் குறைய விடாதவன். கப்பலோடு நான் கொண்டுவந்த மூன்று தேக்குக் குச்சிகளில் ஒன்றை லேத்தில் மாட்டி, "அண்ணி, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள பார்" என்றான். நான் மூடவில்லை. குச்சி சுற்றியது, நடுவில் வயிறு மாதிரி உப்பி ஆடியது, டப்பென்று முறிந்து ஒரு துண்டு பக்கத்துப் பட்டறைக்கே போய்விட்டது. இன்னொன்று மாட்டினான். அதுவும் போயிற்று. மூன்றாவதை நானே பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

"இரும்பு சொன்ன பேச்சு கேக்கும் அண்ணி. இதுக்குத் திமிரு ஜாஸ்தி" என்று நெற்றியைத் துடைத்தான்.

"உங்க அண்ணன் வாங்கி வந்த மரமாச்சே, வேற எப்படி இருக்கும்?" என்றேன்.

சூசை எத்தனையோ தரம் சாப்பாட்டு மேஜையில் பாய்மரம் செய்வதைப் பற்றிப் பேசியிருக்கிறார். அப்போதெல்லாம் "உம், உம்" கொட்டிக்கொண்டு மீன் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். ஆனாலும் காதில் ஏதோ தங்கியிருக்கிறது. மரத்தை லேத்தில் கடையக் கூடாது, இழைக்க வேண்டும். முதலில் நாலு பட்டை, அப்புறம் எட்டுப் பட்டை, அடி பருமனாக, நுனி போகப் போக மெலிசாக. கடைசியில்தான் உப்புத்தாள் தேய்த்து உருண்டையாக்குவது. பாஸ்கலிடம் சொன்னேன். "அண்ணாத்தே இதெல்லாம் உங்கிட்ட சொல்லி வெச்சுகிறாரா!" என்று வியந்தான். எனக்குமே ஆச்சரியம்தான்.

மிச்சமிருந்த ஒற்றைக் குச்சி போதாது. திருமழிசையில் தெரிந்தவர் ஒருவரின் மரப் பட்டறை இருக்கிறது என்று பஸ் ஏறினோம். நெடுஞ்சாலை ஓரமாகத் தொழிற்கூடங்கள், அதற்குப் பின்னால் வயல், வயலுக்குப் பின்னால் கோபுரம், எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. நல்ல நேர்க்கோடாக நார் ஓடும் சட்டங்களாகப் பொறுக்கிக்கொண்டு திரும்பினோம். பஸ்ஸில் நிற்க இடமில்லை. சட்டங்கள் என் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பிரேக்குக்கும் பஸ் பூராவும் குனிந்தது.

"யக்கா, அந்தக் கம்ப அப்பால திருப்பு. கண்ணுல வுட்டு ஆட்டிடுவ போல கீது!" என்று ஒரு பெண் சத்தம் போட்டாள்.

"மன்னிச்சுக்கம்மா, கப்பலுக்கு லா" என்றேன், வாயில் ஒட்டிய பினாங்கு 'லா'வோடு. சண்டை அதோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஆவடி வரைக்கும் அந்தப் பெண் தன் மகனின் கடற்படை ஆசையைப் பற்றிச் சொன்னாள். இறங்கும்போது சட்டத்தின் மறுமுனையைப் படி வரைக்கும் அவள்தான் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த நாள்கள் பாஸ்கலுக்கு. பகலில் இரும்பு, மாலையில் தேக்கு. கை இழைப்புளியைப் பிடிக்கத் தெரியாமல் தொடங்கியவன், போகப் போக மரத்தோடு சமாதானமாகிவிட்டான். மூன்று மரங்களும், அவற்றில் பாய் தொங்குவதற்கான குறுக்குக் கம்புகளும் வரிசையாகத் தரையில் படுத்தன. ஓட்டையில் நட்டுப் பார்த்தோம். வீடே நிமிர்ந்த மாதிரி இருந்தது. அன்றைக்கு ரீட்டா போனில் முகம் பார்க்கக் கூப்பிட்டாள். கப்பலைக் காட்டினேன். சூசை திரையைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார். "அப்பாவுக்குத் தூக்கம் வருது போல" என்று ரீட்டா சமாளித்தாள். தூக்கமாவது ஒன்றாவது.

"கயிறு கட்டாம மொட்டையா கீதுல்ல அண்ணி? அதான் மன்சுல நிக்கல. கட்டி முடிச்சிட்டுக் காட்டு, அப்பால பாரு" என்றான் பாஸ்கல்.

கயிறுக்குப் பூந்தமல்லி. ஆரி வேலைக்கு நூல் விற்கும் முஸ்லிம் பெரியவர் ஒருவர் கடை. கப்பல் படத்தைக் காட்டியதும் கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார். "பருத்தி வேணாம்மா. மழை நாள்ல ஈரம் குடிச்சு இறுகும், உங்க மரத்த வளைச்சிடும். பாலியெஸ்டர் எடுத்துக்குங்க, அது எதுக்கும் அசையாது" என்றார். ஆறு வகைக் கருப்பு நூலை எடுத்துப் போட்டு, தன் விரலில் சுற்றிச் சுற்றிக் காட்டினார். கடைக்கு வந்த மற்றவர்களை அவர் கவனிக்கவே இல்லை. கிளம்பும்போது, "உங்க வூட்டுக்காரருக்கு ஷிஃபா கெடைக்கணும், சீக்கிரம் கொணமாவணும்னு துவா செய்றேன்" என்றார். நான் அவரிடம் நோயைப் பற்றி இரண்டே வார்த்தைதான் சொல்லியிருந்தேன்.

பிரியாணி சாப்பிட்டோம். பினாங்கு நாசி கண்டார் கடையில் பத்துக் குழம்பை ஒன்றாக ஊற்றிச் சோற்றை மூழ்கடிப்பார்கள், அதில் பிறந்து வளர்ந்தவள் நான். இங்கே ஒரு கத்தரிக்காய்த் தொக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். முதலில் கஞ்சத்தனமாகத் தோன்றியது. இலையை வழித்தபோது அந்த எண்ணம் போய்விட்டது.

கயிறு கட்டுவது ஒரு கல்யாண வேலை. பாய்மர உச்சியிலிருந்து கப்பலின் இரண்டு விளிம்புக்கும் கயிறு இறங்க வேண்டும், அவைதான் மரத்தைப் பிடித்து நிறுத்துகின்றன. பாஸ்கல் ஒரு பக்கத்தை முழுவதும் கட்டிவிட்டு மறுபக்கம் வந்தபோது நடு மரம் குடிகாரன் மாதிரி சாய்ந்திருந்தது. எல்லாவற்றையும் அவிழ்த்தோம். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிக் கட்டச் சொன்னேன். அதுவும் மேஜையில் மீன் முள்ளோடு கேட்டதுதான். மரங்கள் நேராக நின்றன.

அப்புறம்தான் பெரிய வேலை. இரண்டு பக்கமும் இறங்கிய கயிறுகளின் குறுக்கே படிப்படியாக மெல்லிய நூல் கட்ட வேண்டும், மாலுமிகள் ஏறும் ஏணி மாதிரி. ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு முடிச்சு. பாஸ்கலின் கட்டை விரல் நுழையவே இடமில்லை. எனக்குக் கண்ணாடி போட்டாலும் நூல் இரண்டாகத் தெரிந்தது. ஊருக்குத் திரும்ப நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஸ்டெல்லா கூடையைத் தள்ளி வைத்துவிட்டு வந்தாள்.

"குடுங்க இப்டி. இது பூக் கட்டற முடிச்சுதான? இன்னாத்துக்கு ரெண்டு பேரும் மூஞ்சத் தூக்கி வெச்சுகினு கீறீங்க?"

அவள் கட்டியதைப் பார்க்க வேண்டுமே! நூல் விரலில் ஒரு சுற்று, ஒரு சொடுக்கு, அடுத்தது. கண் டிவியில்தான். வியாபாரத்துக்குப் போகவில்லை. கேட்டால், "பூ நாளைக்கும் பூக்கும், நீ போயிடுவல்ல" என்றாள். சொந்தத் தங்கை இருந்தாலும் இப்படிச் செய்வாளா என்று தெரியவில்லை.

அந்த நேரத்தில் நானும் பாஸ்கலும் எஸ்டேட்டில் பெட்டி செய்யும் ஒடிசாக்காரரிடம் போனோம். கப்பல் இப்போது உயரமாகிவிட்டதால் பழைய அட்டைப் பெட்டியில் போகாது. அவர் அளவு எடுத்துக்கொண்டே இந்தியில் கேட்டதைப் பாஸ்கல் சொன்னான்: "இது கடலில் போகுமா?" இல்லை, வீட்டில் நிற்கும் என்று சொல்லச் சொன்னேன். அவர் யோசித்து இன்னொன்று கேட்டார்: "வீட்டில் நிற்பதற்கா இவ்வளவு கயிறு?"

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் ஸ்டெல்லா கடைசி முடிச்சைப் போட்டாள். அடடா, அந்த அழகு! இரண்டு பக்கமும் சல்லடை மாதிரி நூல் ஏணி. பக்கத்து வீட்டார் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஸ்டெல்லாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. நான் பெருமையோடு விரலை வைத்து மேல் படியை மெதுவாகத் தடவினேன்.

படி வழுக்கிக் கீழே இறங்கியது. அதை இழுக்கப் போய் அதற்கடுத்ததும் இறங்கியது. பாஸ்கல் மறுபக்கம் தொட்டான். அங்கேயும் அப்படியே, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கொசுவமாகத் தொங்கியது. முடிச்சு ஒவ்வொன்றும் இருக்கிறது, எதுவும் அவிழவில்லை. ஆனால் ஒன்றுமே இறுகவில்லை.

"இன்னாடி கட்டிகிற? இழுத்துக் கட்டத் தெரியாதா உனக்கு?" என்று கத்தினான் பாஸ்கல்.

ஸ்டெல்லா தன் விரல்களையே பார்த்தாள். "இழுத்தா காம்பு அறுந்துடுமே... சின்ன வயசுலருந்து அப்டியே பழகிடுச்சு. கை தானா வுட்டுடுதுக்கா."

மல்லிகைக்குக் காட்டிய கருணையை அவள் கை பாலியெஸ்டருக்கும் காட்டியிருக்கிறது. வாழை நார் என்றாலாவது ஒன்றை ஒன்று கவ்வியிருக்கும். இது வழவழப்பு. எனக்கு வந்த ஆத்திரத்தில், "நாளைக்கு விமானம் ஸ்டெல்லா! ஒரு தடவையாவது தொட்டுப் பார்த்திருக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் முகம் சுருங்கிப்போய்விட்டது. தன் பிழைப்பை விட்டுவிட்டு எனக்காக உட்கார்ந்தவள்.

மறுபடி கட்ட நேரமில்லை. தொங்குகிற படிகளை ஊசியால் ஏற்றி ஓரளவு வரிசையில் வைத்தோம். மேலும் கீழுமாக, பல் விழுந்த சீப்பு மாதிரி நின்றன. "ஒவ்வொரு முடிச்சுலயும் ஒரு சொட்டுப் பசை வெச்சுடறேன் அண்ணி. கோணலா இருந்தாலும் கீழ எறங்காது" என்று பாஸ்கல் சட்டென்று ஒட்டும் பசைப் புட்டியை எடுத்து மூடியைக் கடித்துத் திறந்தான். வைத்துவிட்டால் பிறகு யாராலும் அசைக்க முடியாது. வைக்கச் சொல்லி நான்தான் தலையாட்டினேன். இந்தக் கோணல் கப்பலைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்து என்ன சொல்லப்போகிறேன்?

அப்போது ரீட்டா கூப்பிட்டாள். எடுக்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஸ்டெல்லா எடுத்துவிட்டாள்.

திரையில் சூசை, வழக்கம்போல ஜன்னல் பக்கம் முகம். நான் போனை மேஜையில் சாய்த்து வைத்துவிட்டு, பெட்டி தயார், நாளைக்கு வந்துவிடுவேன் என்று எதையோ சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் பாஸ்கல் புட்டியைக் கவிழ்த்து முதல் முடிச்சுக்குக் கொண்டுபோனான்.

"டேய்!"

மூன்று பேரும் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினோம். அந்தக் குரலைக் கேட்டுப் பல மாதங்களாகிவிட்டன. சூசை திரைக்கு முன்னால் வந்திருந்தார், மூக்கு மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

"பசை... வெக்காத! வெச்சே... கொன்னுடுவேன்!"

பாஸ்கல் கையைப் பின்னால் இழுத்தான். புட்டியிலிருந்து ஒரு சொட்டு அவன் லுங்கியில் விழுந்தது.

"கிட்ட காட்டு," என்றார். காட்டினேன். ஒவ்வொரு படியாகப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு வார்த்தைக்காகப் போராடியது. "யாரு... கட்டுனா?"

"நான்தான் மாமா" என்றாள் ஸ்டெல்லா, அழுகிற குரலில். "தளர்வா கட்டிட்டேன். மன்னிச்சுடுங்க."

அவர் தலையை ஆட்டினார், இல்லை என்பது போல. "முடிச்சு... நல்லாருக்கு. இறுக்கல. அவ்ளோதான்." மூச்சு வாங்கினார். "அவுக்காதீங்க. ஒட்டாதீங்க. அப்டியே கொண்டா. ஒண்ணு ஒண்ணா... நான் இழுத்துக்கிறேன்."

பின்னாலிருந்து ரீட்டாவின் குரல் கேட்டது. "எந்தக் கையாலப்பா?" அவள் குத்திக் காட்டக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். இப்போது சுவர்ப் பக்கம் திரும்பப் போகிறார் என்று நினைத்தேன்.

போர்வை அசைந்தது. இடது கையை வெளியே எடுத்து, எங்களுக்குத் தெரியும்படி தூக்கிப் பிடித்தார்.

"இது என்ன, சும்மாவா தொங்குது?"

அதோடு விடவில்லை. நடு மரம் கொஞ்சம் முன்னால் சாய்ந்திருக்கிறதாம், குறுக்குக் கம்பு தடிமனாம், வளைந்த மூக்கு இடுக்கி ஒன்று வாங்கி வர வேண்டுமாம், இவ்வளவு நாள் அங்கே உட்கார்ந்து என்ன செய்தாய் என்று எனக்கும் ஒரு திட்டு. ஒவ்வொரு சொல்லும் தடுக்கித் தடுக்கி, எச்சில் தெறிக்க வந்தது. பாஸ்கல் திரும்பி நின்று சட்டையில் முகத்தைத் துடைத்தான். ஸ்டெல்லா என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள்.

"சரி சரி, கத்தாதீங்க லா, தெருவே பாக்குது" என்றேன் நான். அவர் கத்துவதை நிறுத்திவிடக் கூடாதே மாதாவே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.